வராத ஆளின் கட்டம்

செய்யாத வேலைக்கு டிக் போடுகிறவனைக் கண்டால் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆகவே ஆகாது. பிரேக்கைப் பார்க்காமலே பார்த்தேன் என்று டிக் போட்ட ஒருத்தனை, ஒன்பது மாடிக் கட்டடத்து வாசலில் பத்துப் பேர் முன்னால் நிறுத்திக் கிழி கிழியென்று கிழித்தவர். "உன் டிக்கை நம்பி ஒரு குடும்பமே மேல ஏறுதுடா" என்று கத்தியதில் மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட மனுஷன் தன் சொந்த வீட்டு விஷயத்தில் ஒரு பொய் டிக் போட்டுவிட்டு, ஏழு மாதமாக அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கு வருகிறேன். முதலில் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு இரண்டாவதாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே மூச்சில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்தவள் படுத்தவள்தான். தெருவில் 'கண்ணாடி அக்கா' என்றால் அவளைத் தெரியாதவர் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள், வருகிறவர்களைக் கிண்டலடித்தே சிரிக்க வைக்கிறவள். "இந்த ஃப்ரேமை எடுத்துக்குங்க, வீட்டுல கொஞ்சம் பயப்படுவாங்க" என்று அவள் சொன்னதற்காகவே வாங்கிப் போனவர்கள் உண்டு. இப்போது அவளைக் குளிக்க வைப்பதே பெரும்பாடு.

மெக்கானிக்கே சமைத்தார், கூட்டினார், துவைத்தார். ஒன்பது வயது மகளுக்குத் தலை பின்னிவிட்டார். அந்தப் பின்னலைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சிரிக்காத பிள்ளை இல்லை. மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாலும் இப்போது சுருண்டு கிடந்தது. கண்ணாடிக் கடை முதலாளியம்மா இன்னும் இரண்டு மாதம் மனைவியின் இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் தன்னால் ஆகாதென்றும் சொல்லியனுப்பியிருந்தாள். அவளை எப்படியாவது எழுப்பி உட்கார வைக்கவேண்டும். மெக்கானிக்குக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலையிடத்திலிருந்து ஒரு கட்டு வெற்றுக் கார்டை எடுத்து வந்தார். லிஃப்ட் பராமரிப்புக்காக எழுதி மாட்டி வைப்பார்களே, அந்த மஞ்சள் அட்டை. இடது பக்கம் வேலைகளை வரிசையாக எழுத இடம். வலது பக்கம் மேலிருந்து கீழாக நாலு நீளக் கட்டம், ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் பேர் எழுத ஒரு கோடு. ஒன்றை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு வாலுவைக் கூப்பிட்டார்.

"இனிமே இந்த வீட்டுல வேலையெல்லாம் ஆட்டம். செஞ்சா உடனே டிக். ஒவ்வொண்ணுக்கும் பாயிண்ட். வாரத்துக்கு ஒரு கார்டு, ஞாயித்துக்கிழமை நீ பழைய கணக்கோட சேர்த்துக் கூட்டிச் சொல்லணும். யாரு முதல்ல ஐந்நூறு தொடறாங்களோ, அவங்க என்ன கேட்டாலும் மத்தவங்க மறுபேச்சு பேசாம கொடுத்துடணும்."

"யானை கேட்டா?"

"நம்ம மாடிப்படியில ஏறுமான்னு பார்த்துட்டு வாங்கித் தரேன்."

செருப்பு அடுக்க இரண்டு பாயிண்ட், தண்ணீர் பாட்டில் நிரப்ப மூன்று, துணி மடிக்க ஐந்து என்று இரண்டு பேரும் எழுதினார்கள். வாலு சொல்லாமலே பல் தேய்த்தால் ஐந்து. அப்பா சிகரெட்டைத் தொடாத நாளுக்குப் பத்து. அம்மாவுக்கென்று தனியாக நாலு வரி: படுக்கையை விட்டு எழப் பத்து, ஜன்னல் திறக்க ஐந்து, தெருமுனை வரை நடக்க இருபது, கண்ணாடிக் கடைக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர ஐம்பது. அந்த ஐம்பதை மட்டும் அழுத்தி எழுதினார்.

அப்பா, அம்மா, வாலு என்று மூன்று கட்டத்துக்குப் பேர் வைத்தாயிற்று. நாலாவது வெறுமனே நின்றது.

"இது யாருதுப்பா?"

இங்கேதான் மனுஷன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். 'அது சும்மா' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தொழில் புத்தி விடுமா. "அது வராத ஆளோடதும்மா. கோஷ்டின்னா நாலு பேர். ஒருத்தர் வரலைன்னாலும் அவர் கட்டத்தை அடிக்கக் கூடாது, இடத்தை விட்டு வைக்கணும். அதான் எங்க கம்பெனி சட்டம்" என்றார்.

என்ன சொன்னோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் எழுந்து வந்தபோது சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கட்டத்தில் நீலப் பேனாவில் இரண்டு டிக்.

"பதினஞ்சு" என்றாள்.

ஏழு மாதத்தில் யாரும் கேட்காமல் அவளாக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது. மெக்கானிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

நாலாம் நாள் பூட்ஸ் விஷயம் ஆரம்பித்தது. அவர் பூட்ஸ் கழற்றும் அழகைச் சொல்ல வேண்டும். ஒன்று கதவுக்கு முன்னால் கிடக்கும், இன்னொன்று சோபாவுக்கு அடியில் போய்க் கவிழ்ந்திருக்கும். கல்யாணமான நாளாக வாங்காத திட்டில்லை, மாறவும் இல்லை. அன்று காலை பார்த்தால் இரண்டு பூட்ஸும் ஒட்டினாற்போல் நிற்கின்றன. முனை வாசலைப் பார்த்து, லேஸ் இரண்டும் உள்ளே மடித்துச் செருகி, காலை விட்டால் போதும் என்பது போல. கார்டில் 'செருப்பு அடுக்க' என்ற வரியில், பேரில்லாத நாலாவது கட்டத்துக்குள், பென்சிலால் சின்னதாக ஒரு டிக்.

வாலுவின் வேலை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் அதில் இரண்டு டிக். அதற்கடுத்த நாள் தண்ணீர் பாட்டில், மடித்த துண்டு, கழுவிக் கவிழ்த்த சின்னக் குவளை. அந்தக் குவளை வாலு கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது. பரண் பெட்டியில் கிடந்தது எப்படிக் கீழே வந்ததென்று தெரியவில்லை. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

"நீயா கழுவினே?" என்று வாலுவைக் கேட்டார்.

"அவன் கட்டத்துலதானே டிக் இருக்கு" என்றாள் அவள்.

அவன் என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு போகவில்லை. தட்டு வைக்கும்போது அவர் மனைவி நாலு வைத்தாள். கேட்டால் ஒன்றை எடுத்து மூன்றாக்கினாள். கூடத்தில் மூன்று பேரும் இருக்கும்போது சமையலறையில் ஏதோ நகருகிற மாதிரி இருக்கும். போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜின் உறுமல், ஜன்னல் திரை, வேறொன்றுமில்லை. ஆனால் அவள் எழுந்தாள். அதை மட்டும் அவரால் மறுக்க முடியவில்லை. தினமும் எழுந்தாள், குளித்தாள், இரண்டாம் வாரம் தெருமுனை வரை போய்வந்தாள். வாலுவின் பின்னல் நேரானது. ஒரு நாள் சாப்பாட்டை வாயில் வைத்துவிட்டு, "உப்புப் போட்டவருக்கு பாயிண்ட் கழிக்கணும்" என்றாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். மெக்கானிக்கும் சிரித்தார். சிரிக்கும்போதே கண் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போனது. அந்த வாரம் நாலாவது கட்டம்தான் முன்னால் நின்றது.

செத்த பிள்ளையோடு இவள் குடித்தனம் நடத்துகிறாளோ, மனசு கழன்றுவிட்டதோ என்று ஒரு பக்கம் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதுதான் அந்தப் பொய் டிக்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். குழந்தையின் பெயர் என்று ஒரு வரி. விருப்பப்பட்டால் எழுதலாம் என்றார்கள். பேர் இருந்தது. ஐந்தாம் மாதமே இரண்டு பேரும் சண்டை போட்டுச் சமாதானமாகித் தேர்ந்தெடுத்த பேர். பேனாவை அந்த வரிக்குக் கொண்டுபோனவருக்கு, எழுதினால்தான் அவன் நிஜமாகச் சாவான் என்று பட்டது. ஒரு கோட்டை இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்தபோது கட்டிலில் கிடந்தவள் கேட்டது ஒன்றே ஒன்று: "பேர் எழுதினீங்களா?" அவர் சொன்னார்: "எழுதிட்டேன்." அந்தப் படிவத்தின் நகலை வீட்டு அலமாரியில் பழைய லிஃப்ட் வரைபடங்களுக்கு நடுவே செருகி வைத்தார். அப்புறம் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை.

இப்போது பேரில்லாத ஒருத்தன் தன் பூட்ஸைத் தினமும் அடுக்கி வைக்கிறான் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்.

வேலையிலும் அது விடவில்லை. ஒரு மத்தியானம் கோஷ்டியில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். வேலை முடித்துக் கார்டை எழுதும்போது அவர் கை நாலாவது கட்டத்துக்குப் போய், பேனா முனை அட்டையைத் தொட்டே விட்டது. "அண்ணே, வராதவன் எப்ப வேலை செஞ்சான்?" என்று கூட இருந்தவன் சிரித்தான். அவர் கையை இழுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மழை. ஓடிப் போய்க் கொடியிலிருந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து போட்டார், ஈரக் கையோடு ஃப்ரிட்ஜ் அருகே போனார், டிக் போட்டார். போட்ட பிறகுதான் பார்த்தார். அப்பா கட்டத்தில் போடவில்லை, நாலாவதில் போட்டிருந்தார். அடிக்கவோ அழிக்கவோ அவருக்குக் கை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கத்தரிக்கோலை எடுத்தார். நாலாவது கட்டத்தை நீளவாக்கில் வெட்டி எறிந்துவிட்டால் தீர்ந்தது என்று தீர்மானம். கார்டைக் கதவிலிருந்து கழற்றி ஓரத்தில் கத்தரிக்கோலை வைத்தபோது அவள் பின்னால் நின்றாள்.

"அவனுக்கு நானூத்தி எண்பது ஆயிடுச்சுங்க" என்றாள். "இன்னும் இருபதுதான். அடுத்த திங்கக்கிழமை கடைக்குப் போறேன்னு சொல்லிவிட்டிருக்கேன். அதுக்குள்ள அவன் தொட்டுடுவான்."

அவள் முகத்தைப் பார்த்தார். அதில் பைத்தியம் எதுவும் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அப்படி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டினால் இவள் திரும்பவும் சுவர்ப்பக்கம் படுத்துவிடுவாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கார்டைப் பழையபடி ஒட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாலு கார்டின் முன்னால் நின்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஐந்நூறு" என்றாள். "அவன் ஜெயிச்சுட்டான். இப்ப அவன் என்ன கேப்பான்?"

மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாக இன்னும் வெயில் வந்துகொண்டிருந்தது. மனைவி கார்டை எடுத்து வந்து மேஜையில் வைத்து, நீலப் பேனாவை மெக்கானிக்கின் கையருகே உருட்டினாள்.

"எல்லாக் கட்டத்துக்கும் தலையில பேர் இருக்கு. அவனுதுல இல்லை. அதைத்தான் கேப்பான்" என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன எழுதினீங்களோ, அதையே எழுதுங்க."

எழுதியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்தப் பேரை இப்போது எழுதிவிட்டால் பொய்யும் மெய்யாகிவிடும், அவளும் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவாள், வீடு நேராகிவிடும். மெக்கானிக் பேனாவைத் திறந்தார், மூடினார். செய்யாத வேலைக்கு டிக் போடுகிறவனை அவர் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றது.

"எழுதலைம்மா" என்றார். "அன்னைக்கு நான் எழுதலை. கோடு போட்டுட்டு வந்துட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கார்டை நேராக நகர்த்தி வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "வீட்டுக்கு வந்த மூணாம் நாளே பார்த்தேன். அவன் பேரை ஒரு தடவை எழுத்துல பார்க்கணும்னு தோணுச்சு, அலமாரியைக் குடைஞ்சேன். கோடு இருந்துச்சு."

"ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஏழு மாசமா படுத்துக் கிடந்தேனே, பாதி அவனுக்காக. பாதி இதுக்காக." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "வராத ஆளுக்கும் இடம் விட்டு வைக்கணும்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. சரி, இந்த மனுஷனுக்குள்ள எங்கயோ அவன் இருக்கான்னு நினைச்சேன். அதுக்குத்தான் எழுந்தேன்."

மெக்கானிக் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். இந்தத் தடவை குழாயைத் திறக்கவில்லை. வாலு எழுந்து போய் அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள். கொஞ்சம் அடங்கிய பிறகு அவர் பேனாவை எடுத்து, நாலாவது கட்டத்தின் தலையில் எழுதினார். நாலு எழுத்துப் பேர். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. வாலு அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள், அப்புறம் சேர்த்து வாசித்தாள். அவன் போன பிறகு அந்த வீட்டில் அந்தப் பேரை ஒருத்தர் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

அதற்கப்புறம் மனசு லேசாகிப் பேச்சோடு பேச்சாக எல்லாம் வெளியே வந்தது. பாட்டில் நிரப்பி அவன் கட்டத்தில் டிக் போட்டது மனைவி. துண்டு மடித்ததும் அவள்தான். பரணில் ஏறிக் குவளையை எடுத்துக் கழுவியது வாலு.

"அம்மா சிரிப்பாங்கன்னுதான்" என்றாள்.

"மழையில துணி எடுத்தது நான்" என்றார் மெக்கானிக். "டிக்கும் நான்தான். எப்படிப் போட்டேன்னு எனக்கே தெரியலை. பூட்ஸ் அடுக்கினது யாரு?"

"அம்மாதானே" என்றாள் வாலு. "தினம் காலையில அடுக்கி இருந்துச்சு, டிக் மட்டும்தான் நான் போட்டேன்."

"நானா? அந்த நாத்தத்தைத் தொட எனக்கென்ன தலையெழுத்தா" என்றாள் அவள். "உங்கப்பாவுக்குப் புத்தி வந்துடுச்சுன்னு இல்ல நினைச்சேன்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வாசலைப் பார்த்தார். பூட்ஸ் ஒன்று கதவுக்கு முன்னால் கிடந்தது, இன்னொன்று சோபாவுக்கு அடியில். சாயங்காலம் அவர் கழற்றிப் போட்டபடியே. அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

திங்கட்கிழமை அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். சாயங்காலம் வந்து கைப்பையைக் கூட வைக்காமல் ஐம்பதுக்கு டிக் போட்டாள். முதல் நாளே ஒருத்தருக்கு, "இந்த ஃப்ரேம் வேண்டாம் சார், உங்க மூக்கு கோவிச்சுக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். புதுக் கார்டில் நாலு கட்டத்துக்கும் பேர் எழுதினாள் வாலு. நாலாவது பேரை எல்லாவற்றையும் விட அழகாக எழுதினாள். அந்தக் கட்டத்தில் அந்த வாரம் டிக் எதுவும் விழவில்லை, அதற்கடுத்த வாரமும் விழவில்லை. பெண்கள் இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயித்தாயிற்று, கேட்டது கிடைத்தது, போய்விட்டான் என்று வாலு சொன்னாள்.

மெக்கானிக்கால்தான் முடியவில்லை. எந்தக் கட்டத்தை வெட்டி எறியக் கத்தரிக்கோலை எடுத்தாரோ, அதே கட்டத்தைத் தினமும் பல் தேய்க்கும் முன்னால் போய்ப் பார்த்தார். ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் வாசலில் நின்று, பூட்ஸை வழக்கத்தைவிடக் கோணலாகக் கழற்றினார். ஒன்றைக் கதவோரம் கவிழ்த்துப் போட்டார், இன்னொன்றைக் காலாலேயே சோபாவுக்கு அடியில் தள்ளினார், லேஸை வெளியே இழுத்துவிட்டார். மறுநாள் விடியும்போதே எழுந்து போய்ப் பார்த்தார்.

இரண்டும் போட்ட இடத்தில் போட்டபடியே கிடந்தன.